நான்கு மீற்றர் தள்ளிப்போன பனிக்கட்டி

தை மாதத்து மத்தியானம். அம்மாவின் குசினியில் இருக்கிறேன். முன்னால் ஒரு கோப்பைச் சோறு, விளைமீன் குழம்பு, முருங்கையிலை வறை. மேற்கே பார்த்த பின்கதவு சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. அதற்கு அப்பால் கொஞ்சம் மணல், பிறகு கடல்.

இரண்டாவது பிடி சோற்றை எடுத்தபோது கதவு அசைந்தது.

யாரும் தட்டவில்லை. உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளிப் பார்த்து, பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் கையை எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது. தாழ்ப்பாள் தன் வளையத்துக்குள் ஒரு தரம் முட்டியது. பிறகு ஒன்றுமில்லை.

"காத்து," என்றேன்.

அம்மா குழம்புச் சட்டியை மூடிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஓம்," என்றார். "ஒவ்வொரு நாளும் இந்த நேரத்துக்குத்தான் வாறது."

என் தொழில் அளவுகளைப் படிப்பது. சோற்றுக் கோப்பைக்கு முன்னாலும் அந்தப் பழக்கம் விடாது. தையில் வீசுவது வாடைக்காற்று. அது வடகிழக்கிலிருந்து வரும். முன்வாசலால் உள்ளே நுழைந்தால் பின்கதவை வெளிப்பக்கமாகத் தள்ளலாம். ஆனால் அந்தக் கதவு உள்ளே அசைந்தது, எங்களை நோக்கி. கடல் பக்கத்திலிருந்து யாரோ, எதுவோ தள்ளினால்தான் அப்படி அசையும். அந்த மாதத்தில் கடல் பக்கத்திலிருந்து காற்று வராது. இதையெல்லாம் யோசித்து முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது.

அன்று நான் ஊருக்குப் போனது சாப்பிடுவதற்காக அல்ல. மூன்று மாதங்களுக்கு முன் அம்மாவிடம் நான் சொன்ன ஒரு விஷயம் பிழை என்று சொல்லப் போயிருந்தேன். அந்த விஷயத்தை நம்பித்தான் அவர் என் அப்பாவைச் செத்தவர்களோடு சேர்த்திருந்தார்.

கனடாவுக்குப் போனவர்களோடு

இந்தத் தொடரில் என் வேலையைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டால் போதும், "கடலுக்கு அடியில் துளை போட்டு அதற்குள் என்னதான் பார்க்கிறீர்கள்?" என்று கடிதம் வந்துவிடுகிறது. இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்பாவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் மன்னாரில், வங்காலைக்குத் தெற்கே, கடலோடு ஒட்டியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. போர் தொடங்கியிருந்தது, எங்கள் ஊருக்குள் இன்னும் கால் வைக்கவில்லை. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் ஓய்ந்து வாடை பிறக்காத அந்த இடைப்பட்ட நாட்களில் கடல் சட்டியில் ஊற்றிய எண்ணெய்போலக் கிடக்கும். அப்படி ஒரு நாள் விடியப்புறம் அப்பா வள்ளத்தை இறக்கினார். கூட்டாளிக்குக் காய்ச்சல். தனியாகத்தான் போனார். வழக்கம்போலப் பின்கதவால் போனார்.

"கதவைப் பூட்டாத, மத்தியானம் வந்திடுவன்," என்று அம்மாவிடம் சொன்னார். பாயில் கிடந்த எனக்கும் அது கேட்டது.

மத்தியானம் அவர் வரவில்லை.

தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வள்ளமில்லை, வலையில்லை, ஒரு மிதப்புக்கட்டைகூட இல்லை. அன்று கடலில் அலையே எழவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு பெரிய படகு எங்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போனதைத் தூரத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். யாருடைய படகு என்று அவர் சொல்லவில்லை. அந்த நாட்களில் யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

இன்னும் சிலர் மூச்சுக்கிடங்கைச் சொன்னார்கள்.

கரையிலிருந்து தென்மேற்கே மூன்று மணித்தியாலம் ஓடினால் கடலின் அடி திடீரென்று இறங்கிவிடும். அந்த இறக்கத்தைத் தாண்டி ஓர் இடம். காற்றில்லாத நாளில், வெயில் உச்சிக்கு வரும்போது, ஒரு வீட்டு வளவு அளவு தண்ணீர் வெள்ளையாகப் பொங்கி, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுமாம். அப்பாவே அதை ஒரு தரம் கண்டிருக்கிறார். "கடல் மூச்சு விடுது," என்று எங்களிடம் சொன்னார். "சத்தமே இல்லை. இஞ்சின் சத்தமும் எனக்குக் கேக்கேல்லை." அதற்கு மேலால் பறவை பறக்காது என்றும் சொன்னார். அதை அவர் கண்டாரோ, கதைக்கு உப்புப் போட்டாரோ தெரியாது. உப்புப் போடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

அம்மா பின்கதவைப் பூட்டவில்லை. அன்றும் இல்லை, அடுத்த நாளும் இல்லை. போர் ஊருக்குள் வந்து, மடு மாதா கோயிலுக்குத் தஞ்சம் தேடி ஓடிய நாளில் ஊர் முழுக்க ஆமைப்பூட்டுப் போட்டுக்கொண்டு ஓடியது. அம்மா முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவை அப்படியே விட்டுவிட்டு வந்தார். திரும்பி வந்தபோது கதிரை இல்லை, அலுமாரி இல்லை, ஆட்டுக்கல்லைக்கூடத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். "பரவாயில்லை, கதவு இருக்குது," என்றார். எனக்கு அப்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது நினைவிருக்கிறது.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கார்த்திகை மரித்தோரின் மாதம். அது பிறக்க முன்னர், கோயில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் இரண்டு கொப்பிகளோடு வீடு வீடாக வருவார். ஒன்றில் செத்தவர்களின் பெயர். மற்றதில் தூரத்தில் இருப்பவர்களின் பெயர். இரண்டையும் பூசையில் வாசிப்பார்கள். முதல் கொப்பிக்கு நித்திய இளைப்பாற்றி, இரண்டாவது கொப்பிக்குச் சுகமான திரும்புதல். அம்மா ஒவ்வொரு வருடமும் அப்பாவின் பெயரை இரண்டாவது கொப்பியில்தான் எழுதுவிப்பார். கனடாவுக்கும் சுவிசுக்கும் போனவர்களுக்கு நடுவில் "சந்தியாகு மரியதாஸ்" என்று அப்பா இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். மூப்பர் ஒரு நாளும் குரலை மாற்றாமல் வாசித்தார். அதற்காக அவரை எனக்குப் பிடிக்கும்.

அண்ணன் கேட்ட காரியம்

போர் முடிந்து சில வருடங்களின் பின், எங்கள் கடலில் எரிவாயு தேடும் கப்பல் ஒன்று வந்து நின்றது. நான் புவியியல் படித்து, கொழும்பில் ஒரு கந்தோரில் கிணற்றுப் பதிவுகளைப் படிக்கும் வேலையில் இருந்தேன். அந்தக் கப்பல் போடும் துளையின் பதிவுகள் என் மேசைக்குத்தான் வரும்.

என் அண்ணன் சேவியர் ஊரில்தான் இருக்கிறான். தொழில் கடல். கப்பல் வந்த கிழமையே தொலைபேசி எடுத்தான்.

"தங்கச்சி, அந்தக் கப்பல் எங்க நிக்குது எண்டு தெரியுமோ? அப்பா சொல்லுற மூச்சுக்கிடங்குக்குப் பக்கத்தில."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் அங்க தொழிலுக்குப் போறனான். எனக்குத் தெரியாதோ?"

அந்த வருடம் அம்மா மன்னார் பட்டினத்துத் தெருவோரத்தில் மயங்கி விழுந்திருந்தார். காணாமல் போனவர்களின் படங்களைப் பிடித்துக்கொண்டு தாய்மாரும் மனைவிமாரும் வெயிலில் நிற்பார்கள் அல்லவா, அங்கேதான். அவர் விழுந்தபோது அப்பாவின் படத்தின் கண்ணாடி உடைந்து கையில் வெட்டிவிட்டது. கட்டுப் போட்ட கையோடு அடுத்த கிழமையும் பஸ் ஏறினார்.

"இப்பிடியே போனா அம்மாவும் இல்லாமப் போயிடுவா," என்றான் சேவியர். "நான் சொன்னாக் கேக்கமாட்டா. நீ கடலுக்குக் கீழ இருக்கிறதைப் பாக்கிற ஆள். அவரைக் கடல்தான் எடுத்தது எண்டு நீ சொன்னா நம்புவா."

"அப்பிடிப் பொய் சொல்ல ஏலாது அண்ணா."

"ஆர் பொய் சொல்லச் சொன்னது? பார். பாத்திட்டுச் சொல்லு."

பார்க்கிறேன் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான்.

தண்ணீரின் பாரமுள்ள கல்

கடிதம் எழுதியவர்களுக்கு இப்போது பதில் சொல்கிறேன்.

ஆழக்கடலின் அடியில் சேற்றுக்குள் சில இடங்களில் பனிக்கட்டி இருக்கும். மன்னார் வெயிலில் வெந்தவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். எனக்கும் படிக்கும்போது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு ஆழத்தில் குளிர் கடுமை, மேலே நிற்கும் தண்ணீரின் அழுத்தமும் கடுமை. அந்த இரண்டும் சேர்ந்து எரிவாயுவைத் தண்ணீருக்குள் சிறைப்பிடித்துக் கட்டியாக்கிவிடும். வாயு ஐதரேற்று என்று பெயர். மேலே கொண்டுவந்தால் உள்ளங்கையில் சீறும். நெருப்புக்குச்சியைக் காட்டினால் எரியும். பனிக்கட்டி எரிவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு தரம் பார்த்தால் போதும் என்று இருந்தது.

துளை போடுகிறவர்களுக்கு அது ஆபத்து. சூடு பட்டால் கட்டி கரையும், வாயு கிளம்பும். அதனால் அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே தெரியவேண்டும். கண்ணால் பார்க்க முடியாது. கருவிகளைக் கம்பியில் கட்டித் துளைக்குள் இறக்கி, மெல்ல இழுத்தெடுத்தபடி அவை அளப்பதைக் கோடுகளாக வரைவோம். அந்தக் கோடுகள்தான் கிணற்றுப் பதிவு.

முதல் இறக்கத்தில் மின்சாரமும் ஒலியும். கடலடிச் சேறு உப்புத் தண்ணீரில் ஊறியது, மின்சாரம் இலகுவாகப் போகும். பனிக்கட்டிக்குள் போகாது. ஒலி சேற்றுக்குள் ஆமைபோல் போகும், பனிக்கட்டிக்குள் ஓடும். ஆக, மின்சாரம் தடைப்பட்டு ஒலி விரைந்தால் பனிக்கட்டி என்று சந்தேகிக்கலாம்.

சந்தேகிக்க மட்டும்தான். ஏனென்றால் சுண்ணாம்புக்கல்லும் அதையே செய்யும். மின்சாரத்தை மறிக்கும், ஒலியை ஓடவிடும். இரண்டையும் பிரிப்பது பாரம். சுண்ணாம்புக்கல் கல்லின் பாரம். பனிக்கட்டி கிட்டத்தட்டத் தண்ணீரின் பாரம். பாரத்தை அளக்கும் கருவி இரண்டாவது இறக்கத்தில் போகும்.

இங்கேதான் வில்லங்கம். கம்பி நீளும், கப்பல் ஆடும். ஒரே இடத்தை முதல் இறக்கம் ஓர் ஆழத்திலும் இரண்டாம் இறக்கம் இன்னோர் ஆழத்திலும் காட்டும். அதனால் இரண்டு இறக்கங்களிலும் காமாக் கதிரை அளக்கும் கருவி ஒன்று சேர்ந்து போகும். அது களிமண் படைகளில் மேட்டை வரையும். இரண்டு காமாக் கோடுகளின் மேடுகளையும் ஒன்றோடொன்று பொருத்தினால் மற்றக் கோடுகளும் சரியாக வந்து உட்காரும். ஒரு தாளை இன்னொரு தாளின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடிப்பதுதான். சின்னப் பிள்ளையும் செய்யும் வேலை.

கோடுகள் திடுக்கிட்ட இடம்

ஐப்பசி மாதத்தின் ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், நான் திரைக்கு முன்னால் தனியாக இருந்தேன். நூற்றுக்கணக்கான மீற்றருக்குச் சேறு. கோடுகள் சோம்பலாக இறங்கிக்கொண்டே போயின. திடீரென்று மின்தடைக் கோடும் ஒலிக் கோடும் ஒன்றாகத் திடுக்கிட்டன. ஏழு மீற்றருக்குள் ஏதோ ஒன்று இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் சேறு.

என் பிடரி குளிர்ந்தது. அறையில் குளிரூட்டி இருந்தது என்பதும் உண்மை.

இரண்டாம் இறக்கத்தை எடுத்துப் பொருத்தினேன். அந்த இடத்தில் காமாக் கோட்டில் ஒரே மாதிரி இரண்டு மேடுகள் இருந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் நான்கு மீற்றர் இடைவெளி. மேல் மேட்டோடு பொருத்தினால், ஒலி ஓடும் இடத்தில் பாரம் கூடியிருந்தது. கல். கீழ் மேட்டோடு பொருத்தினால், ஒலி ஓடும் இடத்தின் பெரும்பகுதியில் பாரம் தண்ணீரை ஒட்டியிருந்தது. பனிக்கட்டி.

கீழ் மேடு அவ்வளவு சரியாகப் பொருந்தவில்லை. அதற்கு மேலும் கீழும் உள்ள சின்ன நெளிவுகள் கொஞ்சம் தள்ளி நின்றன. நான் அதைக் கண்டேன். "கம்பி நீண்டிருக்கும்," என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை. அந்தக் கணத்தில் நான் அதை நம்பினேன். ஒன்பது வயதில் பாயில் கிடந்து கேட்ட குரலுக்கு ஒரு முடிவு வேண்டும் என்று இருந்தது. அது என் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு கோட்டை நகர்த்தியது.

பிறகு நெடுநேரம் அந்த ஏழு மீற்றரையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சுட்டெரிக்கும் கடல். அப்பா போன அன்றும் கீழே இருட்டில் இது கிடந்திருக்கும். எங்கோ கொஞ்சம் கரைந்து, வாயு கிளம்பி, தண்ணீர் நுரையாகிப் பாரம் இழந்து, வள்ளம் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். அப்படி நடக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், நடந்ததை யாரும் பார்த்ததில்லை. இருந்தும் அன்று எனக்கு வள்ளத்தின் மூக்கு இறங்குவது தெரிந்தது. அறிக்கையில் "ஐதரேற்று, ஏழு மீற்றர்" என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிறு ஊருக்குப் போய் அம்மாவை முன்னால் இருத்திச் சொன்னேன். கோடுகளின் படத்தையும் காட்டினேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். எல்லாம் கேட்டு முடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க குளிருமோ, பிள்ளை?"

நான் அளவுகளின் ஆள். கேட்டால் சொல்லிவிடுவேன்.

"ஓம் அம்மா. ஐஸ்பெட்டிக்குள்ள மாதிரி."

அப்பாவுக்குக் குளிர் ஆகவே ஆகாது. வாடைக் காலத்தில் காதைச் சுற்றித் துவாய் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். இது எனக்கு நினைவு வந்தது பஸ்ஸில் திரும்பும்போதுதான்.

அந்த வருடம் மூப்பர் வந்தபோது அம்மா முதலாவது கொப்பியைக் கேட்டு வாங்கினாராம். மரித்தோர் பூசையில் "சந்தியாகு மரியதாஸ்" என்று வாசித்த இடத்தில் மூப்பரின் குரல் முதல் தடவையாகத் தடுமாறியது. சேமக்காலையில் மெழுகுதிரி வைக்க அப்பாவுக்குக் கல்லறை இல்லாததால் அம்மா கோயில் படியில் ஒன்றை ஏற்றினார். வீட்டுக்கு வந்து பின்கதவைச் சாத்தினார். செத்தவருக்குக் கதவைத் திறந்து வைக்கக்கூடாது என்று ஊரில் சொல்வார்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. சேவியர் சுத்தியலால் அடித்துத்தான் அதை வளையத்துக்குள் ஏற்றினான்.

றிஸானாவின் வெளிச்சம்

றிஸானா என் பக்கத்து மேசை. எருக்கலம்பிட்டியில் பிறந்து, தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது குடும்பத்தோடு வெளியேறிப் புத்தளத்தில் வளர்ந்தவள். "எங்கட வாப்பா கதவப் பூட்டித் திறப்பக் கொண்டுவந்தார், கதவு போயிட்டு. உங்கட உம்மா கதவத் திறந்து போட்டா, கதவு மட்டும் மிஞ்சிட்டு," என்று என்னிடம் ஒரு தரம் சொல்லிச் சிரித்தவள். எந்தப் பதிவையும் கடைசியில் சரிபார்ப்பது அவள் வேலை.

மார்கழியில் ஒரு நாள் கூப்பிட்டாள். "ரெஜினா, இதக் கொஞ்சம் வந்து பாருங்க."

அவள் இரண்டு காமாக் கோடுகளையும் தாளில் அச்சடித்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தாள். வெயில் பின்னாலிருந்து அடித்தது. தாளை விரலால் நான்கு மீற்றர் அளவுக்கு நகர்த்தினாள். எல்லா நெளிவுகளும், சின்னதும் பெரியதும், ஒன்றையொன்று மூடிக்கொண்டன. இரண்டு கோடுகள் ஒரே கோடாகிவிட்டன.

"இது பனிக்கட்டி இல்ல. வெறும் சுண்ணாம்புக்கல்லு."

நான் தாளை மறுபடி நகர்த்திப் பார்த்தேன்.

"நீங்க இப்பிடிப் பிழை விடுற ஆளில்லையே," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளைக் கழற்றி மடித்தாள். "இது உங்கட வாப்பாட இடமா?"

ஓம் என்று தலையாட்டினேன். வெட்கத்தில் அழுதேன். பிழை விட்டதற்காக அல்ல, பிழை என்று அந்த மத்தியானமே எனக்குள் ஒரு மூலையில் தெரிந்திருந்ததற்காக.

அறிக்கையைத் திருத்துவது அரை நாள் வேலை. ஒரு வரியை வெட்டி இன்னொரு வரி போட்டால் முடிந்தது. கொப்பியைத் திருத்துவது அப்படியா? சேவியருக்குச் சொன்னேன்.

"சொல்லாத," என்றான். "அம்மா இப்ப தெருவுக்குப் போறதில்லை. வீட்டிலதான் இருக்கிறா. நல்லா நித்திரை கொள்ளுறா. ஏன் கிளறுறாய்?"

இருந்தும் தையில் பஸ் ஏறினேன்.

குசினியில்

கதவு அசைந்து அடங்கிய பிறகு அம்மா என் எதிரில் வந்து இருந்தார்.

"பூட்டின நாளில இருந்துதான் இது," என்றார். "முந்தி இல்லை. முந்தித் திறந்துதானே கிடந்தது, ஆரும் தள்ளத் தேவையில்லை."

"அண்ணனுக்குச் சொன்னீங்களோ?"

"அவன் பாவம். நான் நித்திரை கொள்ளுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறான்." கையால் மேசையைத் துடைத்தார், அதில் ஒன்றும் இல்லை. "நான் ஒவ்வொரு மத்தியானமும் இதில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறனான். அவருக்குக் குளிர் ஒத்துவராது, உனக்குத் தெரியும்தானே. குளிர் தாங்கேலாமத்தான் வாறார் போல. செத்த ஆளுக்குத் திறக்கக்கூடாது எண்டுறாங்கள். நான் என்ன செய்ய?"

அண்ணன் கேட்ட நிம்மதி இதுதான். நான் கொண்டுவந்து கொடுத்த நிம்மதி இதுதான். ஒரு மனுசியை மூன்று மாதமாகக் கதவுக்கு முன்னால் இருத்தி, வெளியே குளிரில் நிற்கிறவருக்குத் திறக்காமல் இருக்கப் பழக்கியிருக்கிறேன்.

"அம்மா, நான் உங்களுக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

அவர் நிமிர்ந்தார்.

"அங்க ஐஸ் இல்லை. சுண்ணாம்புக்கல்லுத்தான். கோட்டை மாறிப் பொருத்திப்போட்டன். வேணுமெண்டு செய்யேல்லை. ஆனா எனக்கு ஐஸ் வேணும்போல இருந்தது, அதால ஐஸ் தெரிஞ்சது."

வாடைக்காற்று முன்வாசல் திரைச்சீலையை அடித்தது.

"அப்ப, அவர் கண்டது? கடல் பொங்கினது?"

"அது உண்மையா இருக்கும். ஏன் பொங்குது எண்டு தெரியாது."

"அவர் அங்கதான் போனவரோ?"

"தெரியாது அம்மா."

"படகொண்டு இழுத்துக்கொண்டு போனதெண்டு சொன்னாங்களே."

"அதுவும் தெரியாது."

"குளிரிலயோ நிக்கிறார்?"

"தெரியாது."

என் அறிக்கைகளில் நான் ஒரு நாளும் எழுதாத சொல் அது. அங்கே அதற்குப் பதிலாக "மேலதிக ஆய்வு தேவை" என்று எழுதுவோம். அம்மாவுக்கு முன்னால் அதை நான்கு தரம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

அம்மா என் கோப்பையைப் பார்த்தார். "சோறு காய்ஞ்சுபோச்சு. கையைக் கழுவு," என்றார். பிறகு, "தெரியாது எண்டால் பரவாயில்லை. அதோட இருந்து எனக்குப் பழக்கம்," என்றார்.

எழுந்தார். "மூப்பரிட்ட நானே போய்ச் சொல்லுறன், மற்றக் கொப்பியில எழுதச் சொல்லி. நீ வராத, உனக்கு வெக்கமாயிருக்கும்."

பின்கதவுக்குப் போனார். நான் பாய்ந்து எழுந்தேன். அது துருப்பிடித்த இரும்பு, சுத்தியலால் அடித்து ஏற்றியது, மூன்று மாத உப்புக்காற்று வேறு. வெட்டுப்பட்ட அந்தக் கையால் இழுக்க முடியாது.

"விடுங்கோ, நான் திறக்கிறன்."

அதற்குள் அம்மா தாழ்ப்பாளில் ஒற்றை விரலை வைத்து இழுத்துவிட்டார். அது சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. கதவு திறந்தது. வெளியே யாருமில்லை. வெறும் மணல், வெயில், எண்ணெய்போலக் கடல்.

தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் தேங்காய் எண்ணெய் ஒட்டியது.

"கிழமைக்கு ஒருக்கால் போடுறனான்," என்றார் அம்மா. "அவசரமெண்டா உடன திறக்க வேணுமெல்லோ."